ஆறாவது நாற்காலியும் ஒரு பழைய துண்டும்

அன்று காலை பல் துலக்கிக்கொண்டே ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் நான் பீர் குடிக்க மாட்டேன்.

அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள். குடிக்கத்தான் மாட்டேன், சுவைக்கப் போகிறேன். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குடிக்கிறவன் தாகத்துக்குக் குடிக்கிறான். சுவைக்கிறவன் பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாயிலேயே வைக்கிறான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர் நோயாளியின் வாயில் பசையை வைத்து அச்செடுத்து அனுப்புவார். அதை வைத்து நான் மெழுகு வார்த்து, பல் அடுக்கி, தேய்த்துப் பளபளவென்று செட் பண்ணிக் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் வயதான யாராவது வாய் நிறையச் சிரித்தால் அதில் என் பங்கு உண்டு. வீட்டில் மட்டும் என்னால் யாரும் சிரித்ததில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததுண்டு.

டாக்டர் வீட்டு ஹாலில் ஒரு வட்ட மேசை இருக்கிறது. அதைச் சுற்றி ஆறு நாற்காலி. சனிக்கிழமை தோறும் மாலை நாலு மணிக்கு அங்கே 'நுண்சுவை வட்டம்' கூடும். கடையில் விற்கிற பீர் பாட்டிலை அங்கே கொண்டுபோனால் செருப்போடு பூஜையறைக்குள் நுழைந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். கையால் காய்ச்சியது, சிறு ஆலையில் வடித்தது, எங்கேயோ மலைமேல் சாமியார்கள் மாதிரி வாழ்கிற நாலு பேர் வருஷத்துக்கு நூறு பாட்டில் மட்டும் செய்வது, இதெல்லாம்தான் மேசைக்கு வரும். 'நல்லா இருக்கு' என்ற வார்த்தைக்கு அங்கே தடை. "ஈரமான தோல் செருப்பு," என்பார் ஒருவர். "குதிரைப் போர்வை," என்பார் இன்னொருவர். குதிரையையே கிட்டத்தில் பார்க்காதவர் அதன் போர்வையை எப்போது மோந்தார் என்று நான் யோசிப்பேன். கேட்டதில்லை.

ஏனென்றால் நான் வாசலருகில் நிற்கிறவன். சனிக்கிழமை சாயங்காலம் பல் செட் டப்பாக்களை டாக்டர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "அங்க வச்சிட்டுப் போங்க," என்பார் டாக்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல். பத்து வருஷமாக அந்த ஹாலில் நின்றிருக்கிறேன். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அது எனக்கு எவ்வளவு உறுத்தும் என்று சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். ஆனாலும் உறுத்தியது.

அப்போதுதான் வட்டத்தில் ஒருவர் வெளியூர் மாற்றலாகிப் போனார். ஆறாவது நாற்காலி காலி. அந்தச் சனிக்கிழமை டப்பாவை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நானே கேட்டுவிட்டேன்.

டாக்டர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு இதுல ஈடுபாடு உண்டா?"

"உயிர் டாக்டர்."

"சொந்தமா காய்ச்சிக் கொண்டாங்க. தண்ணி, முளைகட்டின பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, நொதிக்க ஈஸ்ட். இந்த நாலுதான். வேற எதையாவது போட்டா வெளியே. வட்டம் ஒத்துக்கிட்டா நாற்காலி உங்களுக்கு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே நினைவில்லை. வந்ததும் நேராகச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைக்குப் போனேன்.

அந்த அறைக்கு ஒரு வரலாறு உண்டு. என் மனைவி திரைச்சீலை தைக்கிறவள். தையல் மெஷின் எட்டு வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. சாப்பாட்டுத் தட்டில் நூல் துண்டு கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. அந்த அறையில் இருந்த உடைசலை எல்லாம் போன மாதம்தான் இருவருமாக வெளியேற்றி, அவள் மெஷினுக்காகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தோம். சுண்ணாம்பு காய்வதற்குள் நான் டிரம்மை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"ஏங்க, என்னங்க அது?"

"நொதிகலன்."

"நேத்து வரைக்கும் அது நம்ம தண்ணி டிரம்."

"இப்ப பெரிய நிலைக்கு வந்திருக்கு."

"டிரம்மா?"

"நானும்தான்."

"அப்ப என் மெஷினு?"

"ஒரு லட்சியத்துக்காக எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்மா."

"எல்லாரும்னா நான் ஒருத்திதானே இங்க இருக்கேன்."

நான் நெஞ்சை நிமிர்த்தி நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு ஒரு பந்தயம் சொன்னாள்.

"அவங்க உங்களைச் சேர்த்துக்கிட்டா இந்த ரூம் உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். சேர்த்துக்கலைன்னா மறுநாளே டிரம் வெளியே, மெஷின் உள்ளே. சம்மதமா?"

"சம்மதம்."

அவள் வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பதினாலு வருஷத்தில் அவள் சொல்லாத வாக்கியம் அது.

பார்லியை வேகவைத்தேன், வடித்தேன், ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்தேன், ஆறவைத்து ஈஸ்ட் தூவினேன். மூன்று வாரம் டிரம் 'களுக் களுக்' என்று பேசியது. நான் பதில் பேசினேன். வீட்டில் சட்டதிட்டங்கள் வந்தன. பவுடர் போடக் கூடாது. வாசனை சோப்பு கூடாது. நான் இருக்கும்போது எதையும் தாளிக்கக் கூடாது.

"ஏன்?"

"என் மூக்குக்கு ஓய்வு வேணும்."

"உங்க மூக்கு என்னைக்கு வேலை செஞ்சுது, இப்ப ஓய்வு எடுக்க? போன வாரம் பால் தீஞ்சு வீடே புகையா நின்னப்ப, 'என்ன, டீ ரெடியா'ன்னு கேட்டீங்க."

"அது பொது மூக்கு. இது நுண்மூக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அடித்துக்கொண்டது அவள் தலையில்தான் என்றாலும் எனக்கு வலித்தது.

பாட்டிலில் அடைத்ததும் முதல் சோதனைக்குக் கீழ் வீட்டு பிளம்பரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். கூப்பிடாமலே வரக்கூடியவர். பாட்டிலோடு வாயில் வைத்து அண்ணாந்து பாதியைக் காலி செய்தார்.

"என்ன சொல்றீங்க?"

"பீர் மாதிரியே இருக்கு சார்."

"முதல்ல மூக்குல என்ன வருது, நடு நாக்குல என்ன நிக்குது, தொண்டையில என்ன தங்குது?"

"தொண்டையில எதுவும் தங்கலை சார். தடையில்லாம போகுது. லைன் சுத்தமா இருக்கு."

இவரிடம் கேட்டது என் தவறு என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. ஆறு பாட்டில்களைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் என் வேலைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் தொழிலில் துண்டில்லாமல் முடியாது. எதை எடுத்தாலும் துடைத்துவிட்டுத்தான் எடுப்போம், துடைத்துவிட்டுத்தான் வைப்போம். அந்தத் துண்டு ஒரு காலத்தில் நீலமாக இருந்தது.

டாக்டர் வீட்டில் கிளாஸ்களை அப்போதுதான் கழுவி ஈரமாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பழக்கதோஷம். ஆறையும் எடுத்துத் துண்டால் உள்ளும் புறமும் துடைத்து, வரிசையாக வைத்து, என் பீரை ஊற்றினேன். நின்றபடியேதான்.

வட்டத்தில் ஐந்து பேர். டாக்டர் தலைவர். அடுத்தவர் 'தாடி', வீடுகளுக்குப் பிளான் போடுகிறவர். அந்தத் தாடியில் பாதி பீர் தங்கிவிடுவதால் மற்றவர்களைவிட நீண்ட நேரம் சுவைக்க முடிகிறது என்பது என் கணிப்பு. மீதி மூன்று பேரும் 'ம்ம்' போடுகிறவர்கள். டாக்டர் சொன்னாலும் ம்ம், தாடி மறுத்தாலும் ம்ம்.

தாடி கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார்.

"கிராம்பு," என்றார்.

"அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்," என்றார் டாக்டர்.

"ம்ம்," என்றார்கள் மூன்று பேரும்.

"இவ்வளவு சுத்தமான கிராம்பு வாசனையை நான் எந்த பீர்லயும் பார்த்ததில்லை. முன்னாடி நின்னு கும்பிடு போட்டுட்டு ஒதுங்கி நிக்குது. கிராம்பு ஏதும் போட்டீங்களா?"

"ஐயோ, நாலே பொருள்தான் சார்."

"அப்ப ஈஸ்ட்லதான் இருக்கு. சில ரக ஈஸ்ட் தானாவே இந்த வாசனையைக் கொண்டுவரும். என்ன ரகம்?"

நானும் ஒரு கிளாஸை எடுத்து மூக்கை விட்டேன். கிராம்பும் இல்லை, கிரகமும் இல்லை. ஆனால் பத்து வருஷம் நின்ற காலுக்கு அந்த நாற்காலி கண்ணெதிரே தெரிந்தது.

"பின்னணியில மெல்லிசா வச்சிருந்தேன். கண்டுபிடிச்சிட்டீங்க," என்றேன். "ரகம் மட்டும் கேக்காதீங்க. குடும்ப ரகசியம்."

அந்தப் பதிலில் இருந்த ஒரே உண்மை அதுதான். எனக்கே தெரியாமல் பேசிவிட்டேன்.

டாக்டர் விதியைச் சொன்னார். ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம், இரண்டு தடவை வந்தால்தான் திறமை. "அடுத்த சனிக்கிழமை இதே பீர், இதே கிராம்பு. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அன்னைக்கே உக்கார வச்சிடறோம்."

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மெஷினை நானே தூக்கிக் குளியலறைக் கதவை ஒட்டின நடையில் கொண்டுபோய் வைத்தேன். அறைக் கதவில் 'சுவைக்கூடம்' என்று அட்டை எழுதி மாட்டினேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'தட்டிவிட்டு வரவும்.'

"ஜெயிச்சிட்டீங்க," என்றாள் அவள்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கி. ஆனா ஜெயிச்ச மாதிரிதான்."

"சரிங்க."

அவ்வளவுதான். சண்டையில்லை, கண்ணீரில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வந்தார். ஒரு டம்ளரைத் துடைத்து ஊற்றிக் கொடுத்தேன். "கிராம்பு வருதா?"

"அதான் எப்பவும் வருதே சார்."

எப்பவும். எவ்வளவு பெரிய பாராட்டு. இந்த மனிதரையா சுவை தெரியாதவர் என்று நினைத்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

திங்கட்கிழமை மாலை வேலையிலிருந்து வந்தால் மேசைமேல் ஒரு பார்சல். பிரித்துப் பார்த்தேன். இரண்டு வெள்ளைத் துண்டு, மடிப்புக் கலையாமல். ஒரு டப்பா நிறைய ரப்பர் கையுறை. பாக்கெட் வைத்துத் தைத்த ஒரு மேலங்கி, அவள் கையாலேயே தைத்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"பெரிய மனுஷன் ஆகப் போறீங்க. அந்தப் பழைய துண்டும் கறைபிடிச்ச கையுமா சபையில போய் நின்னா எனக்குத்தானே அவமானம். இனிமே வேலைக்கும் கையுறை போட்டுக்கிட்டுப் போங்க. கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்து என் இரண்டு கையையும் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளின் மெஷினைக் குளியலறை வாசலில் வைத்தோமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

புதன்கிழமை பிளம்பர் வந்தார். மேலங்கி, கையுறை, வெள்ளைத் துண்டு, சகல மரியாதைகளோடும் ஊற்றிக் கொடுத்தேன்.

"கிராம்பு எப்படி?"

"இல்லையே சார்."

"நல்லா மோந்து பாருங்க."

"பீர்தான் வருது."

அதே டிரம். அதே நாளில் அடைத்த பாட்டில். இன்னொன்றைத் திறந்தேன். இல்லை. இன்னொன்று. இல்லை. "அடுத்ததுல இருந்தாலும் இருக்கும் சார், நம்பிக்கையை விடாதீங்க," என்று நாலாவது பாட்டிலில் பிளம்பர் எனக்குத் தைரியம் சொன்னார். ஐந்தாவதில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிராம்பு மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமையும் அதே கதை. பாட்டிலை வெயிலில் வைத்தேன், நிழலில் வைத்தேன், தலைகீழாக வைத்தேன். சமையலறைக் கிராம்பு டப்பாவைக் கையில் எடுத்துக் கீழே வைத்தேன். தாடி நாக்கு வைத்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் நாற்காலி இருக்கட்டும், அந்த வாசலில் நிற்கக்கூட விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நடையில் போய் நின்றேன். அவள் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். குளியலறைக்குப் போகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான்.

"கிராம்பைக் காணோம்மா."

"டப்பாவுல இருக்குமே."

"பீர்ல காணோம்."

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். "நான் கொண்டுவந்து தர்றேன்."

"நீயா? உனக்கென்ன தெரியும் இதுல?"

"அப்ப விடுங்க."

"இல்லை இல்லை, சொல்லு."

"ரூமை எழுதிக் கொடுங்க."

"பந்தயத்துல ஜெயிக்கப் போறவன் நான்."

"கிராம்பு இல்லாமயா?"

பல் செட் டெலிவரி ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன். சமையலறைக்குப் பின்னால் உள்ள அறை இன்று முதல் நிரந்தரமாக அவளுடையது, எந்த லட்சியம் வந்தாலும் மாறாது. 'எந்த லட்சியம் வந்தாலும்' என்பதை அவள்தான் சேர்க்கச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து வந்த பிளம்பர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ரசீதை மடித்துத் தையல்பெட்டியில் வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். இறுக்கமான மூடி. திறந்தாள். உள்ளே நாலாக மடித்து வைத்திருந்தது என் பழைய துண்டு.

"இதை நீ தூக்கிப் போட்டுட்டேன்னு நினைச்சேன்."

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். "துண்டு வாசனை."

பிளம்பர் எட்டி மூக்கை வைத்தார். "கிராம்பு சார். மூக்கே மரத்துப்போகுது."

அவள் நிதானமாகச் சொன்னாள். "டாக்டர் அச்செடுக்கிற பசையில கிராம்பு எண்ணெய்தானே கலக்கறாங்க? அதை நாள் பூரா தொடறீங்க, இந்தத் துண்டுல துடைக்கறீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க தொட்டது எல்லாம் கிராம்புதான். தலையணை கிராம்பு. சோப்பு கிராம்பு. நீங்க போட்டுக் கொடுக்கிற டீயும் கிராம்பு. உங்களுக்குப் பழகிப்போச்சு, தெரியலை. பீர்ல ஒண்ணும் இல்லைங்க. நீங்க துடைச்ச கிளாஸ்ல இருந்துச்சு."

"பொய்."

"நீங்க மாடிப்படி ஏறும்போதே எங்க வீட்டுல தெரியும் சார்," என்றார் பிளம்பர் மெதுவாக. "சார் வந்துட்டாரு, பாட்டில் திறப்பாருன்னு என் சம்சாரம் சொல்லும்."

நான் அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "டாக்டரும் அதே பசையைத்தானே நாள் பூரா தொடறாரு. அவருக்கு மட்டும் எப்படிக் கிராம்பு தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுதுன்னு யார் சொன்னா? முதல்ல சொன்னது அவரா?"

தாடி. முதலில் சொன்னது தாடி. வாயெடுத்தது மட்டும்தான் டாக்டர்.

மறுநாள் சனிக்கிழமை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். ஆறு கிளாஸையும் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். ஊற்றினேன். தாடி மூக்கை விட்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் திரும்பியது.

"கிராம்பு. போன வாரத்தைவிட ஒரு படி மேல."

"அதைத்தான் நானும்," என்றார் டாக்டர்.

"ம்ம்."

டாக்டர் எழுந்து ஆறாவது நாற்காலியை வெளியே இழுத்தார். மரம் தரையில் உரசின சத்தம் என் காதில் நாதஸ்வரமாக விழுந்தது. நான் துண்டை உதறித் தோளில் போட்டு, உட்கார முழங்காலை மடக்கினேன். அந்த நேரம் பார்த்துத் தாடி மரியாதைக்காக அவளிடம் ஒரு கிளாஸை நீட்டினார். "நீங்களும் ஒரு வாய் பாருங்களேன்."

"நான் குடிக்கிறதில்லை சார். வேணும்னா மோந்து பாக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழங்கால் பாதி மடங்கியபடியே இருந்தது.

தாடி தன் கையால் கொண்டுவந்த பாட்டிலை ஊற்றிக் கொடுத்தார். மலைமேல் நாலு பேர் செய்கிற சரக்கு. பெட்டியிலிருந்து எடுப்பதற்கே இரண்டு கை வேண்டும். அவள் மூக்கருகே கொண்டுபோனாள்.

"நனைஞ்ச அட்டை வாசனை வருது. பழசாயிடுச்சு போல."

தாடி பாட்டிலைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். கெடு முடிந்து ஒன்றரை வருஷம். சிரிப்பு நின்றது.

டாக்டர் தான் காய்ச்சியதைக் கொடுத்தார். அவள் அதையும் மோந்தாள். "இந்தப் பாட்டில் ஜன்னல் ஓரமா வெயில்ல இருந்திருக்கு. அப்புறம், இந்தக் கிளாஸை மட்டும் ஷாம்பு போட்டுக் கழுவியிருக்காங்க."

உள்ளே இருந்து டாக்டரின் மனைவி குரல் கொடுத்தார். "அது கடைசிக் கிளாஸ். சோப்பு தீந்துபோச்சு, அதான்."

தாடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறேழு பாட்டிலை ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி சொன்னாள். செருப்பும் இல்லை, குதிரையும் இல்லை. ஈயப் பாத்திரத்தில் காய்ச்சினது, மூடி சரியில்லாமல் காற்றுப் போனது, பார்லி அடிப்பிடித்தது. ஒன்றைப் பார்த்து, "இது நல்லா இருக்கு," என்றாள். தடை செய்யப்பட்ட வார்த்தை. 'ம்ம்' போடுகிறவர்களில் ஒருவர் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

"அப்ப இவரோட கிராம்பு?" என்று தாடி கேட்டார்.

துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பதினாலு வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு பாசமாகப் பார்த்ததில்லை.

"அது அவர் கைப்பக்குவம் சார். கிளாஸை அவரே துடைச்சு, அவரே ஊத்தணும். வேற யார் செஞ்சாலும் வராது." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டருக்குக் கிராம்பு நல்லாவே தெரியுது, இல்லைங்களா?"

டாக்டருக்குப் புரையேறிவிட்டது. அவர் இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வாக்கியம் இது. "ஆறாவது நாற்காலிக்கு அம்மாவோட பேரை நான் முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றார் தாடி.

"ம்ம்."

அவள் "எனக்கெதுக்குங்க இதெல்லாம்," என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். நான் முழங்காலை நிமிர்த்திக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். பிறகுதான் எனக்கு அந்த ரப்பர் கையுறை நினைவுக்கு வந்தது. மெஷினை நான் நடைக்குத் தூக்கிக்கொண்டு போனது சனிக்கிழமை. கையுறை வந்தது திங்கட்கிழமை.

"ஏம்மா, முதல் சனிக்கிழமை அவங்க கிராம்புன்னு சொன்னதை நான் வந்து சொன்னப்பவே உனக்குத் துண்டு விஷயம் தெரியும், இல்ல?"

"அந்தத் துண்டைத் துவைக்கிறது யாருங்க?"

"அப்ப கையுறை?"

"மரியாதையா இருக்கட்டும்னு வாங்கினேன். கொஞ்சம் வேகமா நடங்க. போனதும் டிரம்மை வெளியே எடுக்கணும்."

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த அறையில் மெஷின் ஓடுகிறது. கதவில் 'தட்டிவிட்டு வரவும்' மட்டும் அப்படியே இருக்கிறது, தட்டுகிறேன். டிரம் குளியலறையில் பழையபடி தண்ணீர் பிடிக்கிறது. பிளம்பர் வாரம் ஒருமுறை வந்து அதை எட்டிப் பார்த்து ஏக்கத்தோடு திரும்பிப் போகிறார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் ஆறாவது நாற்காலியில் உட்கார்கிறாள். தாடி பாட்டிலைத் திறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார். எந்த வாசனைக்கும் டாக்டர் இப்போது வாயெடுப்பதில்லை. வட்டத்தின் ஏகமனதான தீர்மானப்படி கிளாஸ்களை நான்தான் துடைக்கிறேன், அதுவும் அந்தத் துண்டால் மட்டும். போன வாரம் அந்தத் துண்டை மாட்டுவதற்கென்று ஹால் சுவரில் டாக்டரே ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார்.

துண்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.